மேசைக்குப் பத்து நிமிடம் தாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் செய்துகொண்டு வரும் மென்பொருளையும் மின்னணுக் கருவிகளையும் பார்த்துப் புள்ளியிடும் நடுவர்களுக்கு,

வணக்கம்.

என்.சி. வீதிப் பக்கத்தில் போனும் கணினியும் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடை பூட்டிய பிறகு மென்பொருள் எழுதுவேன். நான் நடுவர் இல்லை, ஆசிரியரும் இல்லை. கண்காட்சி என்றால் வயர் இழுக்க, அறுந்த இடத்தில் ஈயம் வைக்க என்று என்னைக் கூப்பிடுவார்கள், போவேன். அப்படிப் போன இடத்தில் கண்டதை உங்களிடம் நேரே சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மூதூருக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. விடியற்காலை பஸ்ஸில், மடியில் ஓர் அட்டைப்பெட்டியை அணைத்துப் பிடித்தபடி வந்திருக்கிறாள். பெட்டிக்குள் வெள்ள எச்சரிக்கைக் கருவி: அர்டுயினோ என்ற, நிரல் ஏற்றிக் கருவிகளை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை, ஒலியலை விட்டுத் தூரம் அளக்கும் சென்சர், கீச்சென்று கத்தும் சின்ன ஒலிப்பான். மார்கழி, தை மாதங்களில் மகாவலி பெருகினால் வெருகல், மூதூர்ப் பக்கம் என்ன பாடுபடும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவில் தண்ணீர் ஏறும்போது நித்திரையில் இருப்பவர்களை எப்படி எழுப்புவது என்பதுதான் அவளுடைய கேள்வி. அவள் வீட்டுக்குள்ளேயே பிறந்த கேள்வி அது.

மூன்று நடுவர்கள் வந்தார்கள். பாடமாக்கி வைத்ததை அவள் சொன்னாள். ஒருவர் தலையாட்டினார். மற்றவர் “நல்ல முயற்சி, தொடர்ந்து செய்யுங்கோ” என்றார். மூன்றாமவர் தாளில் ஏதோ எழுதினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். கருவியை ஒருவரும் தொடவில்லை. செய்து காட்டவென்று அவள் வாளியில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

பக்கத்து மேசையில் பிளக் ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “அண்ணா, உங்களுக்கு இதைப் பற்றித் தெரியுமோ? இதிலே என்ன பிழை இருக்கு?” என்று கேட்டாள்.

சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வாளியில் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தோம். வேலை செய்தது. பிறகு வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன்: வெள்ளம் வரும் இரவில் கரண்ட் இருக்குமா? அவள் யோசித்தாள். இருக்காது, முதலில் போவதே கரண்ட்தான். அப்படியென்றால் இதற்குப் பற்றரி வேண்டும், அதுவும் ஒரு பருவமழை முழுக்கத் தாங்க வேண்டும். எழுதிக்கொண்டாள். சென்சரை எங்கே கட்டப் போகிறாய்? மதகுச் சுவரில். அதன் ஒலியலை நூல் பிடித்ததுபோல நேராகப் போகாது, டோர்ச் வெளிச்சம்போல விரிந்துகொண்டே போகும். சுவருக்கு ஒட்டிக் கட்டினால் தண்ணீரை விட்டுச் சுவரை அளக்கும். அதையும் எழுதினாள். மழையில் நனைந்தால்? அந்த மலிவு சென்சர் நீர் தாங்காது. தாங்கும் வகை ஒன்று இருக்கிறது, ஆனால் 20 சென்டிமீற்றருக்குக் கிட்ட வருவதை அது ஒழுங்காக அளக்காது. அதனால் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் மேலே இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

அப்புறம் கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீற்றர் என்று அவள் நிரலில் எழுதியிருந்தாள். அது 20 பாகை வெப்பத்தில் சரி. நம் ஊரில் பகலில் 30 பாகையில் அது 349ஐ எட்டும். மூன்று மீற்றர் கீழே இருக்கும் தண்ணீர், உள்ளதைவிட ஐந்து சென்டிமீற்றர் உயரத்தில் நிற்பதாகக் கருவி சொல்லும். வெள்ளத்துக்கு ஐந்து சென்டிமீற்றர் பெரிய காரியமா என்று நினைக்கலாம். எல்லைக்கோட்டுக்குக் கிட்டத் தண்ணீர் நிற்கும் நாளில், மத்தியான வெயிலில் அந்த ஐந்து சென்டிமீற்றரே ஒலிப்பானை வீணாய்க் கத்த வைக்கும். இரண்டு முறை வீணாய்க் கத்தினால் மூன்றாம் முறை வீட்டுக்காரர் வயரைக் கழற்றி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு வருவது மெய்யான வெள்ளமாக இருக்கும். இதைச் சொன்னபோது அவள் முகம் வாடவில்லை. “அப்ப வெப்பத்தையும் அளந்து கணக்கிலே சேர்க்கலாமே” என்றாள். நான் வாய் திறக்கும் முன் வழி அவளிடம் இருந்தது.

அரை மணி நேரம். அவளுடைய கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்தது. அன்று அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. வாசலில் அந்த மூன்று பக்கத்தையும் தகப்பனிடம் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அவள் விடியற்காலையில் பஸ் ஏறி வந்தது இந்த மூன்று பக்கத்துக்காகத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நாற்பது மேசை, அரை நாள், விருந்தினர் வருகை, பரிசளிப்புக்கு நேரம் குறித்தாயிற்று. சம்பளமில்லாமல் சனிக்கிழமையை விட்டு வருகிறீர்கள். உங்கள் மனதில் பிள்ளைகள்மேல் அன்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். “நல்ல முயற்சி” என்று சொல்வதும் அன்பினால்தான். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை திங்கட்கிழமை எதை மாற்றுவது? மாற்ற ஒன்றும் கிடைக்காததால் கருவி அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அப்படிக் கிடந்து பற்றரி கசிந்து பச்சை பிடித்துப்போன கருவிகள் பிறகு என் கடைக்கு வரும். இதில் எந்தச் சாமான் இன்னும் நல்லாயிருக்கு, கழற்றித் தாருங்கோ என்று கேட்பார்கள். அவற்றைக் கழற்றும்போது எனக்கு மனம் நோகும்.

கருத்துச் சொல்வது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மீன் வியாபாரி. சில வருடங்களுக்கு முன் மீன் எடுப்பவர்களுக்காக ஒரு கணக்குச் செயலி எழுதினேன். எந்தச் சம்மாட்டியிடம் எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு கடன் என்று போனிலேயே பதியலாம். எழுதி முடித்ததும், வெளியூரில் வேலை செய்யும் படித்த நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். எல்லோரும் பதில் போட்டார்கள். ஏன் இந்த நிரல்மொழியில் எழுதினாய், அதில் எழுதியிருக்கலாமே என்றார் ஒருவர். நிறம் பழைய காலத்து நிறம் என்றார் இன்னொருவர். தரவை இணையத்தில் சேமி, ஐபோனுக்கும் செய் என்றார் மற்றொருவர். ஒவ்வொன்றும் அவர்கள் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பார்கள் என்பதைப் பற்றியது. நான் செய்ததை ஒருவரும் திறந்து நாலு மீன் பதிந்து பார்க்கவில்லை.

பிறகு விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வியாபாரியிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் ஏலத்தில் ஒரு கூடை எடுத்தார், போனைத் தொட்டார், திரை அசையவில்லை. மறுபடி தொட்டார். “தம்பி, ஈரக்கைக்கு இது மசியுதில்லை” என்றார். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டார், ஒரு பொத்தானை அமர்த்தப் பக்கத்துப் பொத்தான் அமர்ந்தது. எடையைப் போடும்போது நின்றுவிட்டார். அவர் வாயில் இருந்தது இரண்டே கால் கிலோ. என் திரையில் புள்ளி வைத்து 2.25 என்று நான்கு முறை தட்ட வேண்டும். “கால், அரை, முக்கால் என்று மூன்று கட்டை இதிலே இருந்தால் நல்லம்” என்றார். அவ்வளவுதான், ஏலம் அடுத்த கூடைக்குப் போய்விட்டது, அவரும் போய்விட்டார். ஐந்தே நிமிடம். அன்றிரவு பொத்தான்களை மூன்று மடங்கு பெரிதாக்கினேன், அந்த மூன்று கட்டைகளையும் வைத்தேன், போனைத் தொடாமலே குரலால் எடையைப் பதியும் வழியைத் தேடத் தொடங்கினேன். அவருக்கு நிரல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் பயன்படுத்தினார், எந்த இடத்தில் தடக்கினார் என்பதைச் சொன்னார். நண்பர்கள் அனுப்பிய நீண்ட பதில்களில் அந்த மூன்று கட்டை எங்கும் இல்லை.

இதனால்தான் உங்களிடம் முதலில் கேட்பது, கருவியைக் கையில் எடுங்கள் என்று. செயலி என்றால் போனை வாங்கி, பிள்ளை வாய் திறக்கும் முன் நீங்களே ஒரு வேலையைச் செய்துபாருங்கள். எங்கே விரல் நின்றது, எங்கே குழம்பினீர்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பிள்ளை குறுக்கிட்டு விளக்க வருவாள். கொஞ்சம் பொறு, நான் எங்கே தடக்குகிறேன் என்று பார் என்று சொல்லுங்கள். நீங்கள் தடக்குவதைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பாடம்.

கண்டதைக் கண்டபடி எழுதுவது பழைய வழக்கம். 1947 செப்டெம்பர் 9ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி பிழைபட்டபோது, அதில் வேலை செய்தவர்கள் திறந்து தேடி, ஒரு ரிலேக்குள் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) அகப்பட்டுக் கிடந்த அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூச்சியையே நாட்குறிப்பேட்டில் ஒட்டினார்கள். பக்கத்தில் பிற்பகல் 3.45 என்று நேரத்தைக் குறித்தார்கள். எந்தப் பலகை, எத்தனையாம் ரிலே என்றும் எழுதினார்கள். எஃப் பலகை, 70ஆம் ரிலே. இன்றைக்கும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்று ஐயமில்லாமல் விளங்கும். “கணினி சரியில்லை” என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. உங்கள் புள்ளித்தாளில் “செயற்பாடு: 10க்கு 6” என்று இருக்கிறதே, அந்த நான்கு புள்ளி எங்கே போனது என்பதற்கு எஃப் பலகை, 70ஆம் ரிலே என்பதுபோல ஒரு வரி வேண்டும். இரண்டாவது பொத்தானை வேகமாக இரண்டு முறை அமர்த்தினால் திரை உறைகிறது. அவ்வளவு போதும், பிள்ளை மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தத் தாளின் பிரதி பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். இப்போது அது கோப்புக்குள் போய்விடுகிறது.

இதற்கெல்லாம் நிறையப் பேர் தேவையா என்றால் தேவையில்லை. மென்பொருளை மனிதர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன், ஒரு வடிவமைப்பை ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தால் அதிலுள்ள பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 வீதம் வெளியே வந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். நீங்கள் ஏற்கனவே மூன்று பேர் வருகிறீர்கள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டால் ஐந்து.

யோசனை சொல்லும்போது அதைச் செய்ய முடியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “தமிழில் இருந்தால் இன்னும் நல்லம்” என்று எத்தனையோ மேசையில் கேட்டிருக்கிறேன். சொன்ன மனம் பெரிய மனம், எனக்கும் அதே ஆசைதான். ஆனால் பிள்ளைகள் வாங்கிப் பூட்டும் பதினாறு எழுத்து, இரண்டு வரி உள்ள அந்தப் பச்சைத் திரையில் நாமாக வரைந்து சேர்க்கக்கூடிய எழுத்து எட்டே எட்டுத்தான். ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளிக்குள் அடங்க வேண்டும். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ‘ணை’ எப்படி நுழையும்? பிள்ளை வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை மல்லுக்கட்டிவிட்டு, தமிழால் முடியாது என்று முடிவு கட்டும். அந்த முடிவை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. குறை தமிழில் இல்லை, அந்தத் திரையில்தான். 128க்கு 64 புள்ளியுள்ள சின்ன ஓலெட் திரை கடைகளில் கிடைக்கிறது; ‘தண்ணீர் ஏறுகிறது’ என்ற சொற்களைக் கணினியில் எழுதிப் படமாக்கி அதில் ஏற்றிவிடலாம். எழுத்தாக ஏற்றினால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும், படமாக ஏற்றினால் பிரியாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். தெரியாவிட்டால், “தமிழில் வேண்டும், வழி எனக்குத் தெரியாது, கேட்டுப்பார்” என்று சொல்வதும் நல்ல கருத்துத்தான்.

“இது ஏற்கனவே இருக்குத்தானே” என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1991 ஓகஸ்ட் 25ஆம் தேதி, பின்லாந்தில் 21 வயது மாணவர் ஒருவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் (கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதிக்கொண்டிருப்பதாகவும், பெரிதாக ஒன்றும் வராது என்றும் மற்றவர்களுக்கு அறிவித்தார். அப்போது புழக்கத்தில் இருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்று கேட்டார். இயங்குதளங்கள் அன்றைக்கே எத்தனையோ இருந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய அந்த லினக்ஸ்தான் இன்று நம் பைகளிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடுகிறது. மூதூர்ப் பிள்ளை செய்ததும் உலகில் இல்லாத கருவி இல்லை. அவளுடைய மதகில் இல்லாத கருவி. அதே டோர்வால்ட்ஸ், மற்றவர்களின் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது கடும் வார்த்தை பேசுகிறவர் என்று பேரெடுத்து, 2018 செப்டெம்பரில் அதற்காக எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தார். அவ்வளவு பெரிய வேலையைச் செய்தவரே, சொல்லும் விதம் பிழைத்தது என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: “இதை நீயா செய்தாய், சாட்ஜிபிடி செய்ததா?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எல்லோர் முன்னும், சிரித்துக்கொண்டு, கேட்ட விதத்தைப் பார்த்திருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பையன், நூலகப் புத்தகங்களைக் கணக்கு வைக்கும் செயலி ஒன்று செய்திருந்தான். கேள்வி வந்ததும் காது சிவந்துபோனது. உண்மையில் பாதியை இயந்திரத்திடம் கேட்டுத்தான் எழுதியிருந்தான். மற்றப் பாதிக்கு, பள்ளி நூலகத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்து, எந்தப் புத்தகம் திரும்பி வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று பார்த்திருக்கிறான். அந்தப் பாதியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. வேறு வழி இருக்கிறது. “தம்பி, தாமதக் கட்டணத்தை ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாயாக இப்போதே மாற்றிக் காட்டு” என்று சொல்லுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவன் மாற்றிக் காட்டுவான். தெரியாதவனுக்குத் தெரியவில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும், மானம் போகாது. அப்புறம், எதை இயந்திரத்திடம் கேட்டாய், அது சொன்னதில் எதைத் திருத்தினாய் என்று கேளுங்கள். வேலை நடந்த வழி முழுக்க அந்தப் பதிலில் வந்துவிடும்.

கருத்தால் ஒரு மனிதனை எவ்வளவு வருத்தலாம், எவ்வளவு காப்பாற்றலாம் என்பதற்கு அண்மையில் ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் நடந்தன. எக்ஸ்செட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கட்டற்ற மென்பொருள். உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பராமரித்தவர் லாஸ்ஸே கொலின் என்ற ஒரே ஆள், சம்பளமில்லாமல். 2022இல் முன்பின் தெரியாத பெயர்களில் அவருக்குச் செய்திகள் வரத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், உனக்கு அக்கறை இல்லை, வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று திரும்பத் திரும்ப. தனக்கு நெடுநாள் மனநலச் சிக்கல் இருப்பதையும், இது கூலியில்லாப் பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் சொன்னார். அழுத்தம் நிற்கவில்லை. கடைசியில் உதவிக்கு வந்த ஒருவரிடம் பொறுப்பில் ஒரு பங்கைக் கொடுத்தார். அந்த ஆள் மென்பொருளுக்குள், வெளியிலிருந்து களவாக உள்நுழைய ஒரு களவுக் கதவை வைத்தார். அந்தச் செய்திகளும் இதற்காகவே திட்டமிட்டு அனுப்பப்பட்டவை என்றே இத்துறையில் பலரும் கருதுகிறார்கள்.

அந்தக் களவுக் கதவைக் கண்டுபிடித்தவரும் கருத்துச் சொன்ன ஒருவர்தான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர், தன் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூட எடுக்கிறது என்று கவனித்தார். அரை நொடி! விட்டுவிடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29ஆம் தேதி, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எத்தனை நொடி என்று அளந்த கணக்கோடு எழுதி வெளியிட்டார். உலகத்தின் பெரும்பாலான கணினிகளுக்கு அது போய்ச் சேருமுன் தடுத்தாகிவிட்டது. “சரியில்லை, சரியில்லை” என்று நெருக்கியவர்களும் அரை நொடியை அளந்து சொன்னவரும் ஒரே மென்பொருளைப் பற்றித்தான் பேசினார்கள். நம் பிள்ளைகள் நாளைக்கு இந்தத் துறைக்குத்தான் போகப் போகிறார்கள். எப்படிப் பேசுவது என்று அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

அன்பாகப் பேசுவது என்றால் எதையும் சொல்லாமல் விடுவது என்று நான் சொல்ல வரவில்லை. ஓரிடத்தில் கொஞ்சமும் தயங்கக் கூடாது. தானாகவே மோட்டர் போடும், விளக்கு அணைக்கும் கருவி என்று ரிலே வைத்துச் செய்து வருவார்கள். 230 வோல்ட் வரும் முனைகள் திறந்தபடி, அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கும். கடலுக்குப் பக்கத்து ஊர் நம்முடையது. உப்புக்காற்றில் பித்தளை முனை சில மாதத்தில் பூத்துவிடும், செப்பு வயர் கறுத்துவிடும், ஈரக்கையோடு வீட்டில் ஒருவர் தொடுவார். அந்த மேசையில் முதல் வார்த்தையே “பிளக்கைக் கழற்று” என்பதாக இருக்கட்டும். பிறகு மூடிய பெட்டி, பியூஸ், முறையான முனைக்கட்டை, தாழ்ந்த வோல்டேஜ் பக்கத்தைப் பிரித்து வைப்பது என்று நின்று சொல்லிக் கொடுங்கள். ஒரு தடவை அப்படிப்பட்ட கருவிக்கு “வீட்டுக்குப் பயனுள்ளது” என்று குறிப்பு எழுதப்பட்டதைக் கண்டேன். நெஞ்சு பதைத்தது. பரிசளிப்பு முடியும்வரை காத்திருக்காமல் அந்தப் பையனையும் தாயையும் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கழற்றி வேறு பெட்டியில் பூட்டிக் கொடுத்தேன்.

மொழியைப் பற்றியும் ஒன்று. நம் கண்காட்சிகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். கந்தளாயிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழில் மட்டும் கருத்துச் சொன்னாலும், தம்பலகாமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் சொன்னாலும் சொன்னது சேராது. கூட வந்த ஆசிரியர்களில் ஒருவரைக் கேட்டால் மொழிபெயர்த்துத் தருவார்.

பிள்ளைகளையே கருத்துச் சொல்ல வைக்கவும் ஓர் ஏற்பாடு செய்யலாம். கணினி அறிஞர் டொனால்ட் குனுத், தான் எழுதியவற்றில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2008 வரை 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்பிவந்தார். கணினிக்காரர் பயன்படுத்தும் பதினாறடிமானக் கணக்கில் 256ஐ 100 என்று எழுதுவார்கள், அதனால் 256 சதம் அந்தக் கணக்கில் ஒரு டொலர். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நம் கண்காட்சியிலும் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளோடு இன்னொரு பரிசு வையுங்கள்: மற்றவர் மேசையில் மிக நல்ல குறையைக் கண்டுபிடித்து, எழுதி, அந்தப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்படி சொன்னவருக்கு. இதற்கான சின்னக் கிண்ணத்தை என் கடை வாங்கித் தரும்.

மேசைக்குப் பத்து நிமிடம் என்றால் நாற்பது மேசைக்கு நாள் போதாது என்பீர்கள். சரிதான். நடுவர் குழுவை மூன்றாகப் பிரிக்கலாம். காலையில் உரைகளைக் குறைக்கலாம். மேசைகளைக் குறைக்க மட்டும் வேண்டாம். ஆட்கள் போதாவிட்டால் ஊரில் ரேடியோ திருத்துகிறவர், படகு எஞ்சின் பார்க்கிறவர், வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். புள்ளியை நீங்கள் போடுங்கள். பார்த்துச் சொல்லும் வேலையை அவர்களோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை தந்தால் போதும். மல்டிமீற்றர், ஈயம் வைக்கும் கருவி, ஒரு கட்டுக் கொப்பி, எல்லாம் நான் கொண்டுவருவேன்.

மூதூர்ப் பிள்ளை போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சென்சர் நீர் தாங்கும் வகைக்கு மாறியிருக்கிறது. சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி இரும்புக் கம்பியில் கட்டியிருக்கிறாள். பற்றரி ஒன்பது நாள் தாங்கியது, பத்தாம் நாள் நின்றுவிட்டது என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். சின்ன சூரியத் தகடு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மதகடிக்குப் போகிறேன். உங்களில் யாராவது வருவதானால் ஆட்டோவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
போன் திருத்தும் கடைக்காரன்,
என்.சி. வீதி, திருகோணமலை.